நூலகமே நாவல் போட்டி நடத்தினால் விதிகளை எப்படி எழுதுவது? (சேலம்)

அம்மாப்பேட்டை வாசகி

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நான்கு வருடமாக இருக்கிறேன். மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூடுவோம், பதினைந்து பேர் வந்தாலே எங்களுக்குப் பெரிய கூட்டம். போன மாதம் பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் பேசாமல் கிளம்பிப் போகிற ஒரு அண்ணன், வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கிற வேலை செய்கிறவர், பையிலிருந்து மூன்று நீள நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். நாவல்! ஆறு வருடமாக எழுதியிருக்கிறார், வீட்டில்கூட யாரிடமும் காட்டவில்லையாம். அன்றைக்கே நாற்பது பக்கம் படித்துவிட்டேன். பட்டறைத் தரையைக் கூட்டி அந்தக் குப்பையிலிருந்து வெள்ளித் தூளைப் பிரித்தெடுக்கிற ஒரு கிழவியைப் பற்றி வருகிறது, இரண்டு நாள் எனக்கு அந்தக் கிழவி நினைப்பாகவே இருந்தது.

அதைப் பார்த்ததும் இன்னும் இரண்டு பேர் "என்னிடமும் ஒன்று இருக்கிறது" என்றார்கள். ஒருவர் முழு நாவலையும் கைபேசியிலேயே அடித்து வைத்திருக்கிறார். இன்னொருவர் சொந்தக் காசில் 300 பிரதி அச்சடித்து, பாதிக்கு மேல் பரணில் கிடக்கிறது. பதினைந்து பேர் கூடுகிற இடத்திலேயே மூன்று என்றால் மாவட்டம் முழுக்க எத்தனை பேர் இப்படி இருப்பார்கள்?

நூலகரிடம் சொன்னோம். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம் வருகிறது, அதையொட்டி உள்ளூர் ஆட்களுக்கு ஒரு நாவல் போட்டி வைக்கலாம், விதிகளை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது, சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. யார் கலந்துகொள்ளலாம், எத்தனை பக்கம், யார் படித்துத் தேர்ந்தெடுப்பது, என்ன பரிசு? கையில் நன்கொடையாக 15,000 ரூபாய் வரை சேரும், அவ்வளவுதான். இப்படி ஏதாவது நடத்தியவர்களோ போட்டிக்கு அனுப்பி அனுபவப்பட்டவர்களோ இருந்தால் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் உரிமை பற்றிய விதியை எழுதுங்கள் அக்கா, அதையும் மேலேயே எழுதுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டிக்கு என் நாவலை அனுப்பினேன், எது என்று சொல்ல விரும்பவில்லை. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் "அனுப்பப்படும் படைப்புகள் அனைத்தின் வெளியீட்டு உரிமையும் போட்டியாளரிடமிருந்து எங்களுக்கு வந்துவிடும்" என்று இருந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பரிசு வரவில்லை, அது பரவாயில்லை. அடுத்த வருடம் ஒரு சின்னப் பதிப்பகம் போட முன்வந்தபோது இந்தப் படிவத்தை நானே நேர்மையாகக் காட்டினேன், அவர்கள் பயந்து பின்வாங்கிவிட்டார்கள். பிறகு ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் சட்டம் தெரிந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை எழுதியவருக்குத்தான், பதிவு செய்தாக வேண்டும் என்றுகூட இல்லை. அதை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்வார்கள், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியா. வாங்கியவர் ஒரு வருடம் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும். என் விஷயத்தில் அந்த ஒரு வருடம் எப்போதோ முடிந்திருந்தது, அதற்குள் பதிப்பகம் வேறு புத்தகத்துக்குப் போய்விட்டது.

அதனால் "உரிமை முழுவதும் எழுதியவருக்கே, தேர்வுக்காகப் படிக்க மட்டும் நூலகத்துக்கு அனுமதி" என்று இரண்டு வரி போதும். நுழைவுக் கட்டணமும் வேண்டாம், ஒரு ரூபாய்கூட.

அட்டவணை அட்டை

வாசகி அம்மாவுக்கு, நூலகத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போட்டியில் ஜெயித்தால் நூலகம் உங்கள் புத்தகத்தை வாங்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கிளை நூலகருக்கு அந்த அதிகாரம் கிடையாது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி நடக்கிற நூலகங்கள் நம்முடையவை. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக வருகிறது, அந்தப் பணத்தைச் செலவழிக்க மாவட்ட நூலக ஆணைக்குழு இருக்கிறது, கொள்முதலுக்கென்று மாநில அளவில் தனி நடைமுறை இருக்கிறது. நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டு நிறைவேற்ற முடியாமல் போனால் பழி நூலகர் தலையில்தான் வரும்.

ஆனால் நூலகம் கொடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது, பணத்தைவிடப் பெரிது என்பேன். வாசகர்கள்! நம் நூலகவியலின் முன்னோடி ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் வேண்டும் என்பது. அந்தப் பரணில் கிடக்கிற பிரதிகளுக்கு அதுதானே இல்லாமல் போயிற்று? நன்கொடையாக வந்த புத்தகத்தைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, "நம் ஊர் எழுத்து" என்று வாசலுக்குப் பக்கத்திலேயே ஓர் அலமாரி ஒதுக்கலாம். நாளிதழ் படிக்க வருகிற பெரியவர் கண்ணில் அது தினமும் படும். உள்ளே இலக்கியப் பிரிவில் கொண்டுபோய்ச் சொருகினால் ஒரு வருடத்துக்கு யாரும் எடுக்க மாட்டார்கள், என் அனுபவத்தில் பார்த்தது.

தேர்வு விஷயம். இங்கேதான் பல போட்டிகள் படுத்துவிடுகின்றன. முப்பது நாவல் வருகிறது என்று வையுங்கள், ஒன்று 200 பக்கம் என்றால் 6,000 பக்கம். எந்த நடுவரும் அதைப் படிக்க மாட்டார், புரட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார், எழுதியவருக்கு அது துரோகம். அதனால் முதல் சுற்றுக்கு முதல் 30 பக்கமும் ஒரு பக்கக் கதைச் சுருக்கமும் மட்டும் வாங்குங்கள். ஒவ்வொன்றையும் வாசகர் வட்டத்தில் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்கட்டும், இருவரும் வேண்டாம் என்றால்தான் விலக்க வேண்டும், ஒருவர் வேண்டும் என்றால் மூன்றாவது ஆள் படிக்கட்டும். அதில் தேறுகிற ஐந்தாறை முழுதாக வாங்கி நடுவர்களிடம் கொடுங்கள். மூன்று நடுவர்களில் ஒருவராவது எழுதாத ஆளாக, வெறும் வாசகராக இருக்க வேண்டும். பெயர் பிரதியில் எங்கேயும் வரக் கூடாது. உறையில் தனியாக இருக்கட்டும், பிரதிக்கு எண் மட்டும் போட்டு, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை நூலகர் மட்டும் வைத்திருக்கட்டும். சேலம் எவ்வளவு பெரிய ஊரானாலும் எழுதுகிற வட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

கையெழுத்துப் பிரதி வேண்டாம், யூனிகோடில் (எந்தக் கணினியிலும் சரியாகத் தெரிகிற எழுத்து முறை) அடித்ததுதான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். கையெழுத்தை வைத்தே யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

சூரமங்கலத்துப் பையன்

அமெரிக்காவில் இல்லினாய் மாநில நூலகர்கள் சேர்ந்து 2013இல் இதே யோசனையைத் தொடங்கினார்கள். சொந்தமாகப் பதிப்பித்துக்கொண்ட உள்ளூர் நாவலாசிரியர்களுக்கு மட்டும். நூலகர்களே படித்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து, 2014இல் முதல் வெற்றியாளரை அறிவித்தார்கள். பெரிய தொகை எதுவும் இல்லை, மாநிலம் முழுக்க நூலகங்கள் அந்த எழுத்தாளரைக் கூப்பிட்டுப் பேசவைத்து, புத்தகத்தை வாசகர்களிடம் கொண்டுபோனதுதான் பரிசு. அச்சேறாத பிரதிகளுக்கென்று பிறகு தனிப் போட்டியும் சேர்த்தார்கள். நீங்களும் அப்படி இரண்டாகப் பிரிப்பது நல்லது, ஏனென்றால் அட்டைப்படத்தோடு வருகிற புத்தகத்தையும் தாளில் வருகிற பிரதியையும் ஒன்றாக வைத்தால் கண் தானாக அட்டையைத்தான் பார்க்கும்.

இன்னொன்று. சொந்தப் பதிப்பு என்றால் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் போட்டவர்களும் வருவார்கள். அதில் செலக்ட் திட்டத்தில் சேர்த்திருந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறு கடைகளிலோ இணையதளங்களிலோ போட முடியாது. எனவே மின்னூலைப் பொதுவில் ஏற்றச் சொல்லாதீர்கள், அச்சுப் பிரதிக்கு அந்தத் தடை இல்லை. புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை எழுதுகிறவரே ராஜா ராம்மோகன் ராய் முகமை வழியாக விண்ணப்பித்து இலவசமாகப் பெறலாம், அதற்குக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று அறிவிப்பிலேயே சொல்லுங்கள்.

ஒண்டிக்கடை

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். அட்டவணை அட்டை ஐயா சொன்னதில் எல்லாம் சம்மதம், கையெழுத்துப் பிரதி வேண்டாம் என்றதைத் தவிர.

ஐயா, இங்கே காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற ஒருவர் பழைய சம்பளப் பேரேடுகளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவர் அம்மா காலத்துத் தோட்டத்துக் கதை, மழைக்காலத்தில் பழம் பறிக்கப் போன பெண்களின் பேச்சு அப்படியே இருக்கிறது. யூனிகோட் என்றால் அவருக்கு என்னவென்று தெரியாது. தட்டச்சுக் கடையில் கொடுத்தால் பக்கத்துக்குப் பணம், அதிலும் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள், பிறகு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். இந்த ஒரு விதியால் வெளியே நிற்கப் போவது யார் என்று பாருங்கள், எந்த எழுத்துக்காக நூலகம் இதை நடத்த வேண்டுமோ அதே ஆட்கள்தான். பெயரை மறைக்கத்தானே தட்டச்சு? முதல் 30 பக்கத்தைக் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது அடித்துக் கொடுத்தால் போயிற்று.

சேர்க்கும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓர் உறையைக் கொடுக்க வருவது பெரிய செலவு. எந்தக் கிளை நூலகத்தில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

"சேலம் மாவட்டத்தில் வசிப்பவர்" என்று மட்டும் போடாதீர்கள். பிழைப்புக்காகத் திருப்பூர் போன எத்தனையோ பேருக்கு மனசு இங்கேதான் இருக்கிறது. பிறந்தவர், வளர்ந்தவர், வசிப்பவர் யாராக இருந்தாலும் சரி என்று இருக்கட்டும்.

அட்டவணை அட்டை

ஏற்காட்டுத் தம்பி சொல்வது நியாயம். நான் நிர்வாகத்தை மட்டும் நினைத்து எழுதிவிட்டேன். கையெழுத்தில் வருவதை வாங்கி, அடிப்பவர் தேர்வுக்குழுவில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தறிச்சத்தம்

பக்க அளவு பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆங்கிலப் போட்டிகளைப் பார்த்து 50,000 சொல் என்று போட்டுவிடாதீர்கள். "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு ஐந்தாறு. தமிழில் 25,000 சொல்லிலேயே நல்ல நாவல் வந்துவிடும், வழக்கமான புத்தக அளவான டெம்மியில் நூற்றிருபது பக்கத்துக்கு மேல் வரும். மேல் வரம்பு வேண்டாம் என்பது என் கருத்து, முதல் சுற்றில் 30 பக்கம்தானே படிக்கப் போகிறீர்கள்.

தேறாதவர்களுக்கும் படித்தவர் நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். நான் இதுவரை ஆறு போட்டிக்கு அனுப்பியிருக்கிறேன், ஒன்றிலிருந்தும் ஒரு வரி வரவில்லை. யாராவது படித்தார்களா என்பதே தெரியாமல் இருப்பதுதான் தோற்பதைவிட வலிக்கிறது.

அம்மாப்பேட்டை வாசகி

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் அச்சடித்து ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வாசித்தோம். உரிமை விதி முதல் வரியாக வருகிறது. அச்சேறாதது, சொந்தப் பதிப்பு என இரண்டு பிரிவு. கையெழுத்துப் பிரதி உண்டு, தட்டச்சுக்கு நான்கு கல்லூரிப் பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்கள். நாலு வரிக் கருத்து என்பதில் மட்டும் கொஞ்சம் வாக்குவாதம். எல்லோருக்கும் எழுத முடியுமா என்று சிலர் தயங்கினார்கள். நான் விடவில்லை, இரண்டு பேர் படிப்பதால் ஆளுக்கு இரண்டு வரி எழுதினால் போதும் என்று முடித்தோம்.

பரிசில்தான் இன்னும் இழுபறி. 15,000 ரூபாயையும் அச்சேறாத பிரிவில் ஜெயித்தவரின் நாவலைக் கொஞ்சம் பிரதிகள் அச்சடிக்கவே செலவழிக்கலாம், அவருக்குப் பாதி, மீதி கிளை நூலகங்களுக்கு நன்கொடை என்று நான் சொல்கிறேன். கையில் ஒரு தொகை கொடுத்தால்தான் உழைப்புக்கு மரியாதை என்று இன்னொரு பாதிப் பேர். அடுத்த ஞாயிறு முடிவாகும்.

கொலுசுப் பட்டறை அண்ணனின் முதல் நோட்டை நேற்று அடிக்க ஆரம்பித்தார்கள். வேலை முடிந்து அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், பட்டறைச் சொல் நிறைய வருகிறது, பிள்ளைகளுக்குப் புரியவில்லை, ஒவ்வொன்றையும் கையால் செய்துகாட்டிச் சொன்னார். எட்டு மணிக்கு நூலகம் மூடும்வரை பதினொரு பக்கம் முடிந்தது. அவர் நாவலை எல்லோரும் படித்துவிட்டதால் முதல் சுற்றில் எங்கள் வட்டத்து ஆட்கள் அதைப் படிக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒண்டிக்கடை அண்ணா, அதை மலையில் இருக்கிற உங்கள் ஆட்கள் யாராவது இரண்டு பேர் படித்துத் தர முடியுமா? பேரேட்டில் எழுதியிருக்கும் தோட்டத்துக்காரரிடமும் சொல்லி வையுங்கள், அறிவிப்பு அச்சானதும் முதலில் ஏற்காட்டுக்கு அனுப்புகிறேன்.