ஊரைத் தாண்டினால் ரௌட்டரில் நெட் இல்லை, போனில் மட்டும் வருகிறது. உதவி தேவை (அவசரம்)

வீட்டோடுபயணம்:
வணக்கம். குடும்பத்தோடு மோட்டார்ஹோமில் போய்க்கொண்டிருக்கிறோம். உள்ளே 4ஜி ரௌட்டர் இருக்கிறது, கூரையில் ஆன்டெனாவும் மாட்டியாச்சு. ஊருக்குள் நன்றாக ஓடுகிறது, ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ரௌட்டரில் சிவப்பு விளக்கு. அதே இடத்தில் போனில் ரெண்டு, மூணு பாயிண்ட் காட்டுகிறது. ரௌட்டரை அணைத்துப் போட்டாச்சு, ரீசெட்டும் பண்ணியாச்சு. திங்கட்கிழமை காலையில் எனக்கு ஆபீஸ் மீட்டிங், மனைவிக்கும் ஒன்று இருக்கிறது. எந்த செட்டிங்கை மாற்றினால் வரும்? நாளைக் காலை கிளம்புகிறோம், சீக்கிரம் சொல்லுங்கள்.

சேலம்செந்தில்:
எந்தப் பக்கம் போகிறீர்கள் சார்? மலைப் பக்கம் என்றால் பிஎஸ்என்எல் சிம் ஒன்று கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் மற்றதெல்லாம் படுத்துவிட்ட இடத்தில் எனக்கு அதுதான் வந்தது.

டவர்வாத்தியார்:
எந்த நாடு, எந்த சிம், எந்த ரௌட்டர், எந்த ஆன்டெனா, எதுவும் சொல்லவில்லை. "பாயிண்ட்" என்பதெல்லாம் ஒரு அளவே இல்லை என்று இங்கே எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்! ரௌட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்) எவ்வளவு, எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல்) எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். ஆர்எஸ்ஆர்பி -80 பக்கம் இருந்தால் தெம்பான சிக்னல், -110க்குக் கீழே போனால் நூலில் தொங்குகிறது. எஸ்ஐஎன்ஆர் 20க்கு மேல் என்றால் சுத்தம், பூஜ்யத்துக்குக் கீழே என்றால் ஒரே இரைச்சல். இது தெரியாமல் கேட்டால் யாரும் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

ஆன்டெனா ஆறுமுகம்:
கேபிளைப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்குக் கேபிள்தான் பிரச்சினை. ஆன்டெனாவிலிருந்து ரௌட்டருக்கு எத்தனை மீட்டர்? ஆர்ஜி58 ஒல்லிக் கேபிளை 10 மீட்டர் இழுத்திருந்தால் 700 மெகாஹெர்ட்ஸிலேயே 4, 5 டிபி (டெசிபல், சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு) போய்விடும், மேல் அலைவரிசையில் இன்னும் மோசம். 3 டிபி போனாலே பாதி சக்தி காலி. அந்த நிலைமையில் 6 டிபிஐ (ஆன்டெனா சிக்னலைக் கூட்டும் அளவு) ஆன்டெனா வாங்கியும் பிரயோஜனமில்லை, அதற்குப் பேசாமல் ரௌட்டரோடு வந்த குச்சியையே ஜன்னலோரம் வைத்திருக்கலாம். இன்னொன்று, ரௌட்டரின் பின்னால் மொபைல் ஆன்டெனாவுக்கு ஒரு ஜோடி, வைஃபைக்கு ஒரு ஜோடி வாய் இருக்கும். மரை ரெண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கும், திருகினால் ஏறிவிடும். ஆனால் ஒன்றின் நடுவில் ஊசி, மற்றதின் நடுவில் குழி. ஊசியும் ஊசியும் முட்டிக்கொண்டு நின்றால் சிக்னல் போகாது, பலமாகத் திருகினால் ஊசியே வளைந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிள் நீளம் எழுதுங்கள்.

வீட்டோடுபயணம்:
மன்னிக்கவும், ஆஸ்திரேலியா. மெல்பர்னிலிருந்து பெர்த் போகிறோம், இப்போது செடுனாவில் இருக்கிறோம். நாளை நல்லர்பார் சமவெளி. சிம் இங்குள்ள பெரிய போன் நிறுவனமான டெல்ஸ்ட்ராவின் டவரில் ஓடுவதுதான், அதனால் அது பிரச்சினை இல்லை.

நல்லூர்க்குமரன்:
தம்பி, அங்கேதான் விஷயம் இருக்குது. "டெல்ஸ்ட்ரா டவரில் ஓடும்" என்று சொல்லி விற்கிற சிம் எல்லாம் ஒன்றில்லை. டெல்ஸ்ட்ராவின் சொந்த சிம்மும் பூஸ்ட் என்கிற கொம்பனியின் சிம்மும்தான் முழு நெட்வேர்க்கையும் பிடிக்கும். மற்றக் கொம்பனிகளுக்குக் கிடைக்கிறது ஹோல்சேல் நெட்வேர்க், அது கொஞ்சம் சுருங்கினது. சனத்தொகைக் கணக்கில் 99.7 சதவீதம், 98.8 சதவீதம் என்று போட்டிருப்பார்கள், இதென்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு சதவீதச் சனம் பரந்து கிடக்கிற நிலத்தை யோசித்துப் பாருங்கோ, நீங்கள் நாளைக்கு ஓடப்போகிற றோட்டெல்லாம் அப்படியான நிலம்தான். உங்கட சிம் எந்தக் கொம்பனி?

ஸ்டார்மணி:
ஸ்டார்லிங்க் மினி வாங்குங்கள், இழையை மூடிவிடலாம். ஒரு கிலோ சொச்சம் எடை, 12 வோல்ட்டிலேயே ஓடும், தட்டை வெளியே வைத்தால் சில நிமிடத்தில் நெட். டவர், கேபிள், ஊசி, குழி எதுவும் வேண்டாம். நல்லர்பாரில் வானத்தை மறைக்க மரமும் கிடையாது.

ஆன்டெனா ஆறுமுகம்:
அவர் நாளைக் காலை கிளம்புகிறார், செடுனாவில் இன்றைக்கு ராத்திரி எங்கே போய் வாங்குவார்? கரண்ட் யார் கொடுப்பது? 25-லிருந்து 40 வாட் இழுக்கும்.

ஸ்டார்மணி:
30 வாட் என்றே வையுங்கள், பத்து மணி நேரம் ஓடினால் 300 வாட்அவர். 100 ஆம்பியர்அவர் லித்தியம் பேட்டரியில் கால் பங்குகூட ஆகாது. கூரையில் சோலார் இருந்தால் மதியத்துக்குள் நிரம்பிவிடும். கரண்ட் கரண்ட் என்று பயமுறுத்துகிறவர்கள் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சேலம்செந்தில்:
சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் என்று ஆன்லைனில் மலிவாக வருகிறதே, அதை மாட்டினால் வராதா?

டவர்வாத்தியார்:
மாட்டாதீர்கள். ஆஸ்திரேலியாவில் கண்ட பூஸ்டரை வைத்திருப்பதே குற்றம், பக்கத்து டவரையே குழப்பிவிடும் என்பதால் அங்கே தொலைத்தொடர்பைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான ஆக்மா கண்டிப்பாக இருக்கிறது. தொலைபேசி நிறுவனங்களே அனுமதித்த செல்ஃபை மாதிரி ரிப்பீட்டர்கள்தான் சட்டப்படி சரி. அதெல்லாம் அப்புறம். கேட்டவர் இன்னும் ஒரு எண்ணைக்கூட எழுதவில்லை, நாமே பேசிக்கொண்டிருக்கிறோம்.

பெர்த்பாலா:
நான் இந்த ரோட்டில் லாரி ஓட்டுகிறவன். சிம் என்னவாக இருந்தாலும் ரோட்ஹவுஸை (வழியில் பெட்ரோல், சாப்பாடு கிடைக்கும் இடம்) ஒட்டித்தான் டவர், நடுவில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே 146 கிமீ ஒரே நேர்கோட்டு ரோடு, அங்கே ஒன்றும் கிடையாது. டெல்ஸ்ட்ரா மேப்பை அப்படியே நம்ப வேண்டாம். சிக்னல் எட்டும் பரப்பு 30 லட்சம் சதுர கிமீ என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது வெளியே ஆன்டெனா வைத்தவனுக்கான கணக்கு. வெறும் போனோடு நின்றால் 10 லட்சம் சதுர கிமீ குறைகிறது என்று 2025 மே மாதம் வோடபோன்காரர்கள் கிளப்பினார்களே.

டவர்வாத்தியார்:
மேப்பில் வெளி ஆன்டெனாவுக்குத் தனி அடுக்கு இருக்கிறது. பார்க்கத் தெரியாதவர்கள் மேப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

பெர்த்பாலா:
வாத்தியாரே, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்ட எண்ணைப் பற்றித்தான் சொன்னேன், அடுக்கைப் பற்றி இல்லை. நடுராத்திரியில் டயர் வெடித்து ரோட்டோரம் நிற்கிறவன் அடுக்கைத் திறந்து பார்த்துக்கொண்டா இருப்பான்?

டவர்வாத்தியார்:
வோடபோனுக்குப் பேச வாய் இருக்கிறதா? 2025 ஜனவரியில் ஆப்டஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் டவரைப் பகிர்ந்துகொண்ட பிறகுதான் அவர்களுக்குக் கிராமப்புறம் என்ற ஒன்றே கண்ணில் பட்டது.

பெர்த்பாலா:
யார் சொன்னது என்பதை விடுங்கள், சொன்னது சரியா இல்லையா? அதற்குப் பதில் சொல்லாமல் வேறெங்கோ போகிறீர்கள்.

நல்லூர்க்குமரன்:
இரண்டு பேரும் வேறொரு இழையில் கதையுங்கோ. அந்தப் பிள்ளைக்கு விடிந்தால் பயணம்.

கயல்வேன்:
ரெண்டு கேள்விதான். போனிலும் ரௌட்டரிலும் ஒரே நிறுவனத்தின் சிம்மா? ரௌட்டரை எங்கே வாங்கினீர்கள்?

வீட்டோடுபயணம்:
போனில் இருப்பது ஆபீஸ் கொடுத்த டெல்ஸ்ட்ரா சிம். ரௌட்டரில் இருப்பது மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய வேறொரு சிம். ரௌட்டர் சென்னையிலிருந்து மச்சான் வரும்போது கொண்டு வந்து கொடுத்தது, புதுசுதான். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், ஆன்டெனாப் பக்கம் இப்போது ஏற முடியாது.

கயல்வேன்:
அப்படியென்றால் சந்தேகப்பட ரெண்டு ஆள் இருக்கிறார்கள், சிம் ஒன்று, ரௌட்டர் ஒன்று. குமரன் அண்ணன் சொல்வதும் நடக்கும், ஆனால் எனக்கு ரௌட்டர் மேல்தான் சந்தேகம்.

இங்கே ஊருக்கு வெளியே தூரமாகப் பாய்வது 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28. ஊருக்குள் அதோடு சேர்த்து 1800 (பேண்ட் 3), 2600 (பேண்ட் 7) எல்லாம் இருக்கும். இந்தியாவில் விற்கிற 4ஜி சாமான்களில் நிறைய 850, 1800, 2300 என்று அங்கே ஓடும் அலைவரிசைக்காகச் செய்தவை, அதாவது பேண்ட் 5, 3, 40. எல்லாமே அப்படி என்று சொல்லவில்லை, 28 உள்ளதும் வருகிறது. ஆனால் உங்களுடையதில் 28 இல்லையென்றால் நீங்கள் சொன்னது அத்தனையும் அப்படியே பொருந்தும். செடுனாவுக்குள் பேண்ட் 3 பிடித்து ஜோராக ஓடும். ஊர் எல்லை தாண்டி 1800 மங்கியதும் அதற்கு உலகமே இருட்டு. போனுக்கு 28 தெரியும், அதனால் பாயிண்ட் காட்டுகிறது. இது நிஜமென்றால் கூரையில் எத்தனை டிபிஐ ஆன்டெனா வைத்தாலும், கேபிளை மாற்றினாலும், செட்டிங்கில் எதை அமுக்கினாலும் வராது.

ஜோசியம் வேண்டாம், ரெண்டு நிமிட வேலை. ரௌட்டரைத் திருப்பிப் போட்டு மாடல் பெயரைப் பாருங்கள், அந்தப் பெயரோடு எந்தெந்த பேண்ட் என்று தேடுங்கள், பட்டியலில் 28 இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கடைசி எழுத்துவரை சரியாக அதே மாடலா என்று கவனியுங்கள், ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு விட்டிருப்பார்கள். அப்புறம் நாளைக்கு எங்கே ரௌட்டர் சிவப்பாகிறதோ அங்கேயே ஓரங்கட்டி, ரெண்டு சிம்மையும் இடம் மாற்றிப் போடுங்கள். மலிவு சிம் போனில் வந்தால் சிம் நிரபராதி. ஆபீஸ் சிம் ரௌட்டரில் வராவிட்டால் ரௌட்டர்தான்.

மீட்டிங்குக்கு ரௌட்டரை நம்ப வேண்டாம். ஆபீஸ் சிம் உள்ள போனை முன்கண்ணாடி ஓரமாக உயரத்தில் வைத்து, யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்பில் செருகி டெதரிங் (போன் நெட்டை லேப்டாப்புக்குப் பகிர்வது) போடுங்கள். சார்ஜும் ஏறும், வைஃபையில் இழப்பதும் மிச்சம். ரோட்ஹவுஸ் வாசலில் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். ஒரு விஷயம் மறந்துவிடாதீர்கள், வழியில் வரும் யூக்லா பக்கத்தில் உள்ளூர்க் கடிகாரம் பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னால் ஓடும். போன் ஒரு நேரம் காட்டும், ரோட்ஹவுஸ் சுவர்க் கடிகாரம் ஒரு நேரம் காட்டும். காலண்டரில் மெல்பர்ன் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

டவர்வாத்தியார்:
நானும் முதலிலேயே எந்த ரௌட்டர் என்றுதான் கேட்டேன்.

ஸ்டார்மணி:
இவ்வளவு தலைவலிக்கு மினி எவ்வளவோ தேவலை.

நல்லூர்க்குமரன்:
கயல் சொன்னது சரியான சோதனை. தம்பி, எல்லையில் வெஸ்டர்ன் ஆஸ்திரேலியாக்காரர் வண்டியைச் சோதிப்பார்கள். பழம், மரக்கறி, தேன் ஒன்றும் வைத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலைக் கன்று ஏதும் ஏற்றினீங்களோ தெரியாது, செடி கொடிக்கும் இதே கதைதான்.

*(இரண்டு நாள் கழித்து)*

ஆன்டெனா ஆறுமுகம்:
என்ன ஆச்சு? கேபிள் எத்தனை மீட்டர்?

பெர்த்பாலா:
ரோட்டில் இருப்பார், விடுங்கள். டவர் வந்தால்தானே எழுதுவார்.

வீட்டோடுபயணம்:
நார்ஸ்மன் வந்துவிட்டோம். பெனோங் தாண்டி சிம் ரெண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மலிவு சிம் போனில் வந்தது, ஆபீஸ் சிம் ரௌட்டரில் வரவில்லை. மாடலைத் தேடினால் 1, 3, 5, 8, 40, 41 என்று இருக்கிறது, 28 இல்லை. மீட்டிங் போன் வழியாக முடிந்தது, மனைவியுடையது மட்டும் நடுவில் அறுந்தது. எல்லாருக்கும் நன்றி. பெர்த்தில் புது ரௌட்டர் வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது? பழைய ஆன்டெனாவே போதுமா?

கயல்வேன்:
இங்கேயே விற்கும் மாடலாக வாங்குங்கள், பெட்டியில் 28, 3, 7 மூன்றும் இருக்க வேண்டும். மொபைல் ஆன்டெனாவுக்கு வெளி வாய் ரெண்டு இருக்கிறதா என்றும், 12 வோல்ட்டில் நேராக ஓடுமா என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் இன்வெர்ட்டரை ராத்திரி பகலாக ஓடவிட வேண்டியிருக்கும். ஆன்டெனா 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்யுமா என்று அதன் அட்டையில் பாருங்கள், செய்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். கேபிள் நீளத்தை ஆறுமுகம் அண்ணனுக்குச் சொல்லிவிடுங்கள்.