குமரி வரலாறும் காணி மக்களும்: எட்டாம் வகுப்பை எங்கே, எப்படி அழைத்துச் செல்வது?

விளவங்கோட்டு ஆசிரியை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். விளவங்கோடு வட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பித்து வருகிறேன். எங்கள் பள்ளியின் கல்விச் சுற்றுலா ஆண்டுதோறும் ஒரே தடத்தில்தான் செல்கிறது: காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, நண்பகலில் சுசீந்திரம், மாலையில் கன்னியாகுமரிக் கடற்கரை. பேருந்திலிருந்து இறங்குவதிலும் வரிசையில் நிற்பதிலும் தலைகளை எண்ணிச் சரிபார்ப்பதிலும் பொழுது போய்விடுகிறது. மறுநாள் வகுப்பில் அரண்மனையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "பெரிய கட்டில்" என்பதற்கு மேல் விடை வருவதில்லை. நம் மாவட்ட வரலாற்றைப் பிள்ளைகள் உண்மையாகவே கற்கும்படி ஒரு நாளை எப்படி அமைக்கலாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. பழங்குடியினர் என்றதும் வகுப்பில் நீலகிரித் தோடர்களைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். பேச்சிப்பாறைக்கு மேலே வாழும் காணி மக்களைப் பற்றி ஒரு வரியும் சொல்வதில்லை. அவர்களையும் இந்தத் திட்டத்தில் சேர்க்க விரும்புகிறேன். ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கும் காணிப் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். மற்றவர்கள் அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் நிலையை உண்டாக்கிவிடக் கூடாது என்ற தயக்கமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கல்குளத்துப் பழையவர்:

டீச்சருக்கு வணக்கம். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் சுசீந்திரத்தையும் கடற்கரையையும் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். மிஞ்சினால் பக்கத்திலேயே இன்னோர் இடம். பத்மநாபபுரத்தை எடுத்துக்கொண்டால், சில கிலோமீட்டர் தொலைவில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. இவ்விரண்டுமே ஒரு முழு நாளுக்குத் தாராளம்.

புறப்படுவதற்கு முந்தைய வாரமே, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டுக்குள் இருக்கும் இந்த அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறை ஏன் நிர்வகிக்கிறது என்று ஒரு குழு தேடட்டும். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்த கதை அந்த ஒரு கேள்வியிலேயே வந்துவிடும். வேறொரு குழு பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் தொங்கும் குதிரை விளக்கின் முன்னும், அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் கறுத்த தரையிலும் நின்று, இவற்றைச் செய்த கைகள் யாருடையவை என்று கேட்கட்டும். ஊட்டுப்புரை என்ற உணவுக்கூடத்தைக் காட்டும்போது, இரண்டு தளங்களிலுமாக 2,000 பேர் உண்ணலாம் என்று வழிகாட்டி சொல்வார். அங்கே இருக்கும் பரணிகள் என்ற பெரிய ஜாடிகளையும் காட்டுவார். அந்த நெல்லை விளைவித்தவர் யார், சுமந்து வந்தவர் யார், பந்தியில் உட்கார்ந்தவர் யார் என்று அவர் சொல்வதில்லை. அதைக் கேட்க வைப்பதுதான் ஆசிரியரின் வேலை. ஊழியம் என்ற கூலியில்லா வேலையைப் பற்றியும், திருவிதாங்கூரில் 1855-இல் வந்த அடிமை ஒழிப்புப் பிரகடனத்தைப் பற்றியும், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859 ஜூலை 26 அன்று வெளியான அரச அறிவிப்பைப் பற்றியும் அங்கே நின்று பேசலாம். இவை பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த காலத்துக்குப் பிந்தியவைதாம். ஆயினும் எதிலிருந்து விடுபடவேண்டியிருந்தது என்பது அந்தச் சுவர்களுக்குள் நிற்கும்போதுதான் பிள்ளைகளுக்குப் புரியும்.

உதயகிரியில் டிலனாயின் கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் இருக்கின்றன. டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த அவர் 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் அரசன் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிறைப்பட்டு, பின் அதே அரசனின் படைத்தளபதியாகி 1777-இல் இங்கேயே இறந்தார். தமிழ் வரிகளைப் பிள்ளைகளே எழுத்துக் கூட்டிப் படித்துத் தாளில் எடுத்து எழுதட்டும். அரை மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம்.

உங்கள் பள்ளி மார்த்தாண்டம் பக்கம் என்றால், இன்னொரு நாளுக்குச் சிதறால் மலை இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் காலத்தில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண்துறவி அங்கே பொன் அணிகளைக் கொடையாக அளித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு பெண்ணின் பெயர் கல்லில் நிற்கிறது என்பதைச் சொல்லிப் பாருங்கள், பெண்பிள்ளைகள் தாமாகவே படி ஏறுவார்கள்.

கீரிப்பாறை வாசகர்:

அருமையான முயற்சி. காணி மக்களைப் பொறுத்தவரை, பள்ளி ஆண்டு விழாவுக்கு அவர்களின் ஆட்டக் குழு ஒன்றை வரவழைத்து மேடை ஏற்றினால் பிள்ளைகளும் பெற்றோரும் ஒருங்கே கண்டு மகிழ்வார்கள். கொக்கரை வாசித்துப் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். மறக்க முடியாத அனுபவம். செலவும் குறைவாகவே ஆகும்.

மலையோரத்துக் காணி:

டீச்சர், உங்கள் கேள்வியில் இருக்கும் தயக்கத்தை மதிக்கிறேன். நான் காணி இனத்தைச் சேர்ந்தவன். விடுதியில் தங்கிப் படித்துத்தான் பட்டம் பெற்றேன். எனவே மேலே உள்ள யோசனையைப் பற்றிச் சற்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கொக்கரை என்பது இரும்புத் தகட்டை வளைத்துச் செய்த குழல். அதன் விளிம்பில் பல் பல்லாக வெட்டு இருக்கும். மெல்லிய இரும்புக் கம்பியால் அதை இழுத்து உரசும்போது எழும் ஒலிக்குச் சேர்ந்தாற்போல் எங்கள் வைத்தியரும் பூசாரியுமான பிலாத்தி சாற்றுப்பாட்டைப் பாடுவார். நோயுற்றவருக்காகவும் ஊரின் நலத்துக்காகவும் இரவில் நடக்கும் சடங்கு அது. ஆண்டு விழாவில் திரைப்படப் பாட்டுக்கும் நாடகத்துக்கும் நடுவே பத்து நிமிடம் ஒதுக்கி அதைப் பாட வைப்பது, கோயில் கருவறைப் பூசையை மேடையில் நடத்திக் காட்டச் சொல்வதைப் போன்றது. குறைந்த செலவு என்று சொன்னதும் மனத்தை உறுத்துகிறது. பாடுபவரின் நாள்கூலி போகிறது. ரப்பர் பால்வெட்டுக்குப் போனால் அவருக்குக் கிடைத்திருக்கும் தொகை அது. அழைப்பதாக இருந்தால் மற்ற எந்தச் சிறப்பு விருந்தினருக்கும் கொடுப்பதைப் போல மதிப்பூதியம் கொடுங்கள்.

எதைக் கற்பிக்கலாம் என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. மூட்டுக்காணி என்ற ஊர்த்தலைவர் வழக்குகளை எப்படித் தீர்த்து வைத்தார், ஈற்றை என்ற மூங்கில் வகையைக் கிழித்துக் கூடை முடைவது எப்படி, மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மிளகும் ரப்பரும் எங்கள் நிலத்துக்கு எப்போது வந்தன என்பவற்றை எல்லாம் எங்கள் பெரியவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். காணிக்காரர் என்ற பெயர் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களுக்கும் மட்டும் உரியதாக இருப்பது ஏன் என்பதுகூட நல்ல வரைபடப் பாடம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைக் குடிமையியல் பாடத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்; அதோடு சேர்ந்தால் நாங்கள் பழங்காலத்தவராக அல்லாமல் இன்றைய குடிமக்களாகத் தெரிவோம்.

மருந்துச் செடிகளை மட்டும் தொடாதீர்கள். ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் கதை இங்கே பலருக்குத் தெரியாது. 1987-இல் கேரளப் பக்கத்து அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிகள் அந்தச் செடியின் சிறு பழத்தைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டார்கள். கேரளத்தின் பாலோட்டிலுள்ள தாவர ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் தயாரிப்பு உரிமத்தை ஒரு மருந்து நிறுவனத்துக்கு வழங்கியது. உரிமக் கட்டணத்திலும் 2 விழுக்காட்டு உரிமத்தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதைப் பெறுவதற்கான அறக்கட்டளை 1997-இல்தான் பதிவானது. மரபறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலக அளவில் இது பாராட்டப்பட்டது. ஆனால் எங்களைக் கேட்கவில்லை என்று எதிர்த்த பிலாத்திகளும் இருந்தார்கள். செடியைக் காட்டுவதைவிட இந்தக் கதையைச் சொல்வது நல்லது. யாருடைய அறிவு, யார் அனுமதி கொடுத்தார், பயன் யாருக்குப் போனது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகவே விவாதிப்பார்கள்.

குடியிருப்புக்குள் பேருந்து நிறையப் பிள்ளைகளை அழைத்து வருவதும் வேண்டாம். வனத்துறை அனுமதி ஒருபுறம் இருக்க, வீட்டு முற்றத்தில் நின்று எட்டிப் பார்ப்பதை எந்த வீட்டாரும் விரும்பமாட்டார்கள். பேச்சிப்பாறை அணை வரை வாருங்கள். 1906-இல் கட்டி முடிந்த அணையையும் அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையையும் பார்த்த பிறகு, இந்த நீர் தேங்குவதற்கு முன்னால் இந்தக் காட்டில் யார் நடமாடினார்கள் என்ற கேள்வியோடு எங்கள் பெரியவர் ஒருவரை அங்கேயே சந்திக்கட்டும். உங்கள் வகுப்புக் காணிப் பிள்ளைகளிடம் முன்கூட்டித் தனியே பேசுங்கள். "உங்கள் வழக்கத்தைச் சொல்லு" என்று எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்துவது மட்டும் வேண்டாம். நான் அப்படி நின்றிருக்கிறேன்.

கருங்கல்காரர், வான்கூவர்:

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் பிறந்து இப்போது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வசிக்கிறேன். இங்குள்ள ஊர் வரலாற்று அருங்காட்சியகங்களுக்கு என் பிள்ளைகளின் வகுப்போடு துணைக்குப் போவதுண்டு. நண்பர் காணி எழுதியதைப் படித்ததும் இங்கே நடப்பதைச் சொல்லத் தோன்றியது.

இங்கே நிகழ்ச்சி தொடங்கும்போதே, நாம் நிற்பது மஸ்குவியம், ஸ்குவாமிஷ் முதலிய முதற்குடி மக்களின் நிலம் என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள். அது வெறும் சடங்காகிவிட்டது என்று குறை கூறுபவர்களும் இருக்கிறார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய மாற்றம், முதற்குடிகளைப் பற்றிய பகுதியை அவர்களில் ஒருவரே நடத்துவதும், அவருக்கு முறையாக ஊதியம் தரப்படுவதும்தான். ஒரு பொருளைத் தொடலாமா, படம் எடுக்கலாமா, பொதுவில் காட்டவே கூடாதா என்பதை அச்சமூகத்தைக் கேட்டு முடிவு செய்யும் வழக்கமும் பரவி வருகிறது. இந்த நிலை எளிதில் வரவில்லை. 1,50,000-க்கும் மேற்பட்ட முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்த வரலாற்றை விசாரித்த ஆணையம் 2015-இல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. பள்ளிப் பாடத்தையும் அருங்காட்சியகங்களையும் பற்றிய பரிந்துரைகளும் அவற்றில் அடங்கும். எங்கள் மாகாணத்தில் 2023–24 முதல் முதற்குடிகளைப் பற்றிய பாடத்தில் தேறாமல் பள்ளி இறுதிச் சான்றிதழ் பெற முடியாது.

அங்கே எளிதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வர இயலாத பள்ளிகளுக்கு இங்கே பல அருங்காட்சியகங்கள் ஒரு பெட்டியில் பொருள்களை அடுக்கி இரவல் அனுப்புகின்றன. நீங்களே ஒரு பெட்டியைத் தயார் செய்யலாம். பழைய நாழி, படி, திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு, பனை ஓலைப் பெட்டி, வீட்டில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரத்தின் நகல் ஆகியவற்றைப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

விளவங்கோட்டு ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. திட்டம் இப்போது தெளிவாகிவிட்டது. முதல் பருவத்தில் பத்மநாபபுரமும் உதயகிரியும்; அடுத்த பருவத்தில் பேச்சிப்பாறை. ஆரோக்கியப்பச்சை விவாதத்தை அதற்கு முன்பே வகுப்பில் வைத்துவிடுவேன். ஆண்டு விழா மேடையில் காணி ஆட்டம் வேண்டாம் என்பதைத் தலைமை ஆசிரியரிடம் நானே சொல்லிவிடுகிறேன். நண்பர் காணி அவர்கள் விரும்பினால், எந்தப் பெரியவரை எப்படி அணுகுவது என்று தனிமடலில் தெரிவிக்க வேண்டுகிறேன். மதிப்பூதியத்தைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் கேட்டுப் பெற முடியும். இரவல் பெட்டிக்கு நாழியும் சக்கரக் காசும் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. முதல் பயணத்தை ஒரு திங்கள்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

கல்குளத்துப் பழையவர்:

திங்கள்கிழமை வேண்டாம், டீச்சர். அன்று அரண்மனைக்கு விடுமுறை. அதற்காக வெள்ளிக்கிழமை கன்னியாகுமரிக்குப் போகலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். காந்தி மண்டபச் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு அன்றுதான் விடுமுறை. அரண்மனைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும் என்பதால், எல்லாரையும் ஒரே பையில் போடச் சொல்லாமல் குழுவுக்கு ஒரு சாக்குப் பை கொடுத்துவிடுங்கள். புதன் அல்லது வியாழன் காலையில், வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேர்ந்தால் சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் மந்திரசாலையைப் பார்த்து முடித்துவிடலாம்.