புதுப்பிப்பு: 50 செடிகள் இலக்கு எதுவரை வந்திருக்கிறது

தாவரவியல் இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது, டிசம்பருக்குள் 50 செடிகளைக் குடும்பப் பெயரோடு அடையாளம் காண்பேன் என்று எழுதியிருந்தேன். 31 முடிந்திருக்கிறது. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் பார்க்கும் விதமே மாறிவிட்டது. தும்பைத் தண்டை விரல்களுக்கிடையில் உருட்டினால் நான்கு விளிம்புகளும் தட்டுப்படும். இலைகள் எதிரெதிரே இருக்கும், வெள்ளைப் பூ ஈருதடாகப் பிரிந்திருக்கும். லேமியேசி, அதாவது துளசிக் குடும்பம்! புத்தகத்தைத் திறக்காமலே சொல்ல முடிகிறது. முன்பு இதையே மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தவள் நான்.

புற்கள்தான் இன்னும் பிடிபடவில்லை. செடிகளை அழுத்தி உலர்த்தி ஒட்டிவைக்கும் உலர்தாவரத் தாள்களில் 22 தயார். அழுத்திவைத்த செய்தித்தாளை நாள்தோறும் மாற்றத் தவறியதால் ஆவாரம்பூ கறுத்துவிட்டது. நேற்று புதிதாகப் பறித்து வந்தேன். மீதி 19 செடிகளையும் மார்ச்சுக்குள் முடித்துவிடுவேன்.