ஓப்பன் ஆக்சஸ்ல பேப்பர் போடணும்னா காசு கட்டியே ஆகணுமா? டெஸ்ட் கேள்விங்களையும் சேர்த்து வெளிய விடணுமா?

பின்னக்கணக்கு:
வணக்கம் மக்களே. எஜுகேஷனல் அசெஸ்மென்ட்ல பிஎச்டி, முடியற ஸ்டேஜ்ல இருக்கேன். பிள்ளைங்க பின்னத்தைப் புரிஞ்சு போடறாங்களா இல்ல மனப்பாடமா போடறாங்களான்னு பிரிச்சுக் காட்ட 32 கேள்வில ஒரு டெஸ்ட் செஞ்சு, கேள்வியோட கடினத்தையும் பிள்ளையோட திறனையும் ஒரே அளவுகோல்ல வெக்கற ராஷ் மாடல்ல ஓட்டி, ஃபிட்டும் (டேட்டா மாடலோட பொருந்தறது) ஓரளவு நல்லாவே வந்து, பேப்பரும் எழுதி முடிச்சாச்சு. டீச்சருங்க படிக்கணும்னா யார் வேணா இலவசமா படிக்கற ஓப்பன் ஆக்சஸ்லதான் போடணும்னு கைடு சொல்லிட்டாங்க, சரின்னு ஒரு ஜர்னலைப் பார்த்தா ஏபிசின்னு பேப்பர் போடறதுக்குக் கட்டணமா ஒரு தொகை கேக்கறான், என் ஃபெலோஷிப்ல பல மாசம் அதுக்கே போயிடும். இதுக்கு நடுவுல "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு"ன்னு ஒரு மெயில் (நான் பேராசிரியரே இல்ல), 5 நாள்ல ரிவ்யூ முடிச்சுத் தர்றோம், இந்த மாசத்துக்குள்ள அனுப்பினா பாதிக் கட்டணம்னு. காசில்லாம வேற வழி இருக்கா, இந்த மெயிலை நம்பலாமா? அப்புறம் 32 கேள்வியையும் அப்பெண்டிக்ஸ்ல போடணுமா, அதுலயும் குழப்பமா இருக்கு.

பழைய ரிவ்யூவர்:
மெயிலை டெலீட் பண்ணுங்க. 5 நாள்ல ரிவ்யூன்னா யாரும் படிக்கப் போறதில்லன்னு அர்த்தம், ரிவ்யூ பண்ண ஆள் பிடிக்கவே எடிட்டருக்கு அதைவிட அதிக நாள் ஆகும்.

காசு விஷயம். ஓப்பன் ஆக்சஸ்னாலே எழுதறவன் காசு கட்டணும்னு ஒரு நினைப்பு எப்படியோ பரவிடுச்சு. 2002ல வந்த புடாபெஸ்ட் அறிக்கையை எடுத்துப் படிங்க, படிக்கிறவங்களுக்கு இலவசமா இருக்கணும், தடையில்லாம பயன்படுத்த முடியணும்னுதான் இருக்கு, எழுத்தாளர்கிட்ட வசூல் பண்ணியே ஆகணும்னு எங்கயும் இல்ல. எழுதறவங்ககிட்டயும் வாங்காம, படிக்கிறவங்ககிட்டயும் வாங்காம நடக்கிற ஜர்னலுக்கு டைமண்ட்னு பேரு. ஓப்பன் ஆக்சஸ் ஜர்னலைச் சரிபார்த்துப் பட்டியல் போடற டிஓஏஜே சைட்ல கட்டணம் இல்லாததை மட்டும் காட்டுன்னு ஒரு ஃபில்டர் இருக்கு, போட்டுப் பாருங்க, அங்க இருக்கற ஜர்னல்ல பாதிக்கு மேல ஏபிசி வாங்காததுதான்.

அதுலயும் நம்ம ஃபீல்டு இதுல ரொம்ப சீனியர். எஜுகேஷன் பாலிசி அனாலிசிஸ் ஆர்க்கைவ்ஸ் 1993லயே நெட்ல இலவசமா ஆரம்பிச்சது, ஆரம்பிச்சவர் ஜீன் கிளாஸ், பல ஆய்வு முடிவைச் சேர்த்துக் கணக்கு போடறதுக்கு மெட்டா அனாலிசிஸ்னு பேர் வெச்ச அதே மனுஷன்தான். உங்க டாப்பிக்குக்கு இன்னும் கிட்ட வரணும்னா பிராக்டிகல் அசெஸ்மென்ட் ரிசர்ச் அண்ட் இவாலுவேஷன் இருக்கு, அது 1999ல இருந்து. ஓப்பன் ஆக்சஸ்ங்கிற வார்த்தை நிலைச்சு நிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டும் வந்துடுச்சு. அவ்வளவு ஏன், உலகம் முழுக்க சின்னச் சின்ன ஜர்னல்லாம் ஓடற ஓஜேஎஸ் சாஃப்ட்வேர் இருக்கே, அதுக்குப் பின்னாடி இருக்கற ப்ராஜெக்டை 1998ல தொடங்கினவர் ஜான் வில்லின்ஸ்கி, அவரும் ஒரு எஜுகேஷன் பேராசிரியர்தான். இப்படிப்பட்ட ஃபீல்டுல உக்காந்துட்டு காசு கட்டணுமான்னு கேக்கறீங்க, உங்க தப்பில்ல, யாரும் சொல்லித் தர்றதில்ல.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. இந்த மாதிரி ஜர்னல் எல்லாம் யூனிவர்சிட்டி தர்ற கொஞ்ச காசுலயும் எடிட்டருங்க ராத்திரி உக்காந்து சம்பளம் இல்லாம பாக்கற வேலையிலயும்தான் ஓடுது, அதனால மெதுவா போகும், டேபிள் ஃபார்மேட்டிங் எல்லாம் உங்க தலையிலதான் விழும்.

சூடுபட்ட பூனை:
அந்த மெயில் மாதிரியே ஒண்ணுக்கு நான் ரிப்ளை போட்டு மாட்டினவன். மூணாவது நாள் அக்செப்டட், ரிவ்யூ கமெண்ட்னு வந்தது மொத்தமே ரெண்டு வரி. சந்தேகம் வந்து வேணாம் வாபஸ் வாங்கிக்கறேன்னு சொன்னா அதுக்கும் தனியா கட்டணமாம். நான் கட்டல, அவங்களா ஆன்லைன்ல ஏத்திட்டாங்க, ஏத்தினதால வேற ஜர்னலுக்கும் அனுப்ப முடியல, ஏற்கனவே பப்ளிஷ் ஆனதாச்சேன்னு கேப்பாங்களே. ஒரு ரெண்டு வருஷத்துல அந்த சைட்டும் காணாம போச்சு. இப்ப என் டேட்டா என் ஹார்ட் டிஸ்க்ல மட்டும்தான் இருக்கு.

2013ல சயன்ஸ் பத்திரிகைல ஜான் பொஹானன்னு ஒருத்தர் வேணும்னே தப்பும் தவறுமா ஒரு போலி பேப்பர் எழுதி 304 ஓப்பன் ஆக்சஸ் ஜர்னலுக்கு அனுப்பினார், 157 ஏத்துக்கிட்டாங்க. அதுல பெரிய பேர் இருக்கற பப்ளிஷருங்களும் உண்டு. அதனால பேரைப் பாத்து ஏமாறாதீங்க. இப்ப இன்னொரு வித்தை வேற, நல்ல ஜர்னலோட பேரையும் அதோட அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் நம்பரையும் அப்படியே திருடி டூப்ளிகேட் சைட் போடறாங்க. சைட்ல ஒட்டியிருக்கற லோகோவை நம்பாம நீங்களே டிஓஏஜேக்குப் போய் ஐஎஸ்எஸ்என் போட்டுத் தேடி, அங்க இருக்கற லிங்க் வழியா உள்ள போங்க. எடிட்டோரியல் போர்டுல ரெண்டு பேருக்கு மெயில் போட்டுக் கேட்டாலும் தெரிஞ்சுடும், தன் பேர் அதுல இருக்கறதே சிலருக்குத் தெரியாது.

நூலகத்து ஆள்:
லைப்ரரில வேலை பாக்கறேன், இதைத்தான் தினமும் சொல்லிட்டு இருக்கேன். டைமண்ட் ஒரு வழி, கிரீன் இன்னொரு வழி, அதை யாரும் சொல்லலயே. சந்தா ஜர்னல்லயே காசில்லாம போடுங்க, ரிவ்யூ முடிஞ்சு அக்செப்ட் ஆன உங்க வேர்ட் ஃபைல் இருக்கு பாருங்க, அதை ரெபாசிட்டரில, அதாவது பேப்பர் சேமிச்சு இலவசமா படிக்கக் குடுக்கற ஆன்லைன் களஞ்சியத்துல போடலாம். பப்ளிஷர் டிசைன் பண்ணின பிடிஎஃப்பைத்தான் பெரும்பாலும் போட விடமாட்டாங்க. சிலர் 12 மாசம் 18 மாசம் காத்திருக்கணும்பாங்க, எந்த ஜர்னல் என்ன விதின்னு ஷெர்பா ரோமியோங்கற சைட்ல பாத்துக்கலாம், இப்ப அதுக்கு ஓப்பன் பாலிசி ஃபைண்டர்னு பேர் மாத்திட்டாங்க. அனுப்பறதுக்கு முன்னாடியே ப்ரீபிரிண்ட்டா போடணும்னா எட்ஆர்கைவ்னு ஒரு சைட் இருக்கு, 2019ல வந்தது.

அதோட உங்க யூனிவர்சிட்டிக்கு ஏதாவது பப்ளிஷரோட ஒப்பந்தம் இருக்கான்னு லைப்ரரில கேட்டுட்டு அப்புறம் சப்மிட் பண்ணுங்க. இருந்தா ஏபிசி அதுலயே அடங்கிடும், ஆனா கரெஸ்பாண்டிங் ஆத்தர் எந்த யூனிவர்சிட்டியோ அதைத்தான் கணக்குல எடுப்பாங்க. அக்செப்ட் ஆனதுக்கு அப்புறம் வந்து கேக்கறவங்கதான் ஜாஸ்தி, பல இடத்துல அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. கட்டண விலக்கும் அப்படித்தான், முதல்லயே கேக்கணும்.

ஐட்டம் பேங்க்:
கேள்விங்களைப் பத்தி யாரும் வாயே திறக்கல, எனக்கு அதுதான் முக்கியமா படுது. டெஸ்ட் உருவாக்கற வேலைலதான் பல வருஷமா இருக்கேன். பேப்பரை ஓப்பன் பண்றது வேற, டெஸ்ட்டை ஓப்பன் பண்றது வேற, ரெண்டையும் ஒரே அப்பெண்டிக்ஸ்ல போட்டுக் கட்டிட்டா அப்புறம் பிரிக்கவே முடியாது.

கேள்வி வெளிய போயிடுச்சுன்னா யாராவது அதை வகுப்புல பயிற்சிக்குப் போட்டுடுவாங்க, அதுக்கப்புறம் நீங்க கஷ்டப்பட்டுக் கணக்கு போட்ட டிஃபிகல்ட்டி பாராமீட்டர் (கேள்வி எவ்வளவு கடினம்ங்கற எண்) எதுவும் செல்லாது, கஷ்டமான ஐட்டம், அதாவது கேள்வி, திடீர்னு ஈஸியா தெரியும், பிள்ளைங்களுக்குப் பின்னம் புரிஞ்சதால இல்ல, அந்தக் கேள்வியைப் பாத்துட்டதால. பல நாட்டுப் பிள்ளைங்களை ஒப்பிடற பீசா, டிம்ஸ் தேர்வுங்களை நடத்தறவங்களும் இதனாலதான் ஒவ்வொரு சுற்றுக்கு அப்புறமும் கொஞ்சம் ஐட்டத்தை மட்டும் வெளிய விட்டுட்டு மீதியை அடுத்த சுற்றோட ஒப்பிடறதுக்காகப் பூட்டி வெச்சுக்கறாங்க. ஆனா பிள்ளைங்களோட ரெஸ்பான்ஸ் டேட்டாவை யார் வேணா இலவசமா டவுன்லோட் பண்ணலாம். நீங்களும் அந்த மாதிரியே பண்ணலாம், நாலு மாதிரிக் கேள்வி, எல்லா ஐட்டத்துக்கும் டிஃபிகல்ட்டி, ஃபிட் டேபிள், ரைட் மேப் (பிள்ளைங்க திறனையும் கேள்விக் கடினத்தையும் பக்கத்துல பக்கத்துல காட்டற படம்), கணக்கு போட்ட ஆர் கோடு.

இன்னொண்ணு, 32ல ஏதாவது கேள்வி வேற ஒருத்தரோட டெஸ்ட்ல இருந்து எடுத்ததா? அப்படின்னா அவங்க எழுத்துல அனுமதி தரணும். பேரைச் சொல்லிட்டு யார் வேணா பயன்படுத்தலாம்ங்கற சிசி பை லைசென்ஸ் போட்டு வெளிய விடற உரிமை உங்க கேள்விக்குத்தான் உங்ககிட்ட இருக்கு, அடுத்தவன் கேள்விக்கு இல்ல. போட்டதுக்கப்புறம் திரும்ப வாங்கவும் முடியாது.

பழைய ரிவ்யூவர்:
ஐட்டம் பேங்க், உங்களோட ஒத்துப்போக முடியல. நான் ரிவ்யூ பண்றப்போ கேள்வியைக் காட்டலன்னா அது பின்னத்தை அளக்குதா இல்ல வாசிப்புத் திறனை அளக்குதான்னு நான் எப்படிச் சொல்றது? நாலு கேள்வியைக் காட்டிட்டு மீதி 28ஐ நம்புங்கன்னா அது ஆராய்ச்சி இல்லீங்க.

ஐட்டம் பேங்க்:
நியாயம்தான். ரிவ்யூவருக்குக் காட்ட வேணாம்னு நான் சொல்லல, ரகசிய சப்ளிமெண்ட்டா எடிட்டருக்கு அனுப்பினா ரிவ்யூவர் மட்டும் பாப்பாங்க. அப்புறம் மத்த ஆய்வாளர் கேட்டா தர்றோம்னு ரெபாசிட்டரில பூட்டி வெக்கலாம். ஆனா நீங்க சொல்றதுல ஒரு பாயிண்ட் இருக்கு, எல்லாம் டெஸ்ட் எதுக்குங்கறதைப் பொறுத்தது. பாஸ் ஃபெயில், அட்மிஷன்னு முடிவு எடுக்கற டெஸ்ட்னா பூட்டணும். வகுப்புல டீச்சர் பிள்ளை எங்க தடுமாறுதுன்னு பாக்கற டெஸ்ட்னா பூட்டி என்ன லாபம், அதுல காப்பி அடிச்சு யாருக்கு என்ன கிடைக்கப் போகுது? பின்னக்கணக்கு, உங்களது எது?

பின்னக்கணக்கு:
இவ்வளவு விவரமா வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. என்னோடது வகுப்புல பயன்படுத்தத்தான், மார்க் கிடையாது. கேள்வி எல்லாம் நானே எழுதினது. அப்ப முழுசா விட்டுடலாம்னு தோணுது, ஒரு 8 கேள்வி மட்டும் பின்னாடி ஒப்பிடறதுக்காக வெச்சுக்கறேன். லைசென்ஸ்தான் புரியல, யாராவது எடுத்து புக்கா போட்டு வித்துடுவாங்களோன்னு பயமா இருக்கு, மாத்தக் கூடாதுங்கற என்டி போட்டா பாதுகாப்பா?

நூலகத்து ஆள்:
என்டி போட்டா மாத்தி எழுதினதை யாரும் வெளிய பகிர முடியாது. மொழிபெயர்ப்பும் அதுல சேர்ந்துடும். ஒரு டீச்சர் உங்க கேள்வில நம்பரை மாத்தி மத்தவங்களுக்குக் குடுக்கறதையே நீங்க தடுத்த மாதிரி ஆகும், எதுக்காக ஓப்பன் பண்றீங்களோ அதுவே போச்சு. விக்கறதுதான் பயம்னா வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாதுங்கற என்சி மட்டும் போடுங்க. பேப்பருக்கு ஜர்னல் சொல்ற லைசென்ஸ் இருக்கட்டும், டெஸ்ட்டைத் தனியா ஸெனோடோங்கற ரெபாசிட்டரில ஏத்தி அதுக்கு வேற லைசென்ஸும் தனி டிஓஐயும் (நிரந்தர அடையாள எண்) வாங்கிக்கலாம், டெஸ்ட்டை மட்டும் யூஸ் பண்றவங்க அதை சைட் பண்ணுவாங்க.

ஐட்டம் பேங்க்:
ரெஸ்பான்ஸ் டேட்டா போடறதுக்கு முன்னாடி பெற்றோர்கிட்ட வாங்கின சம்மதப் படிவத்தை ஒருவாட்டி எடுத்துப் பாருங்க. அப்புறம் ஸ்கூல், வயசு, ஆணா பெண்ணா எல்லாம் சேர்ந்து இருந்தா பேர் எடுத்தாலும் சின்ன ஸ்கூல்ல எந்தப் பிள்ளைன்னு கண்டுபிடிச்சுடலாம்.

பின்னக்கணக்கு:
பாத்தேன். "விவரங்களை ஆய்வுக் குழு மட்டுமே பார்க்கும்"னு நானே டைப் பண்ணி வெச்சிருக்கேன், ரெண்டு வருஷம் முன்னாடி வேற யாரோ ஃபார்ம்ல இருந்து காப்பி பண்ணினது.

ஐட்டம் பேங்க்:
அப்ப தனித்தனிப் பிள்ளையோட டேட்டா வெளிய போகக் கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு மொத்தக் கணக்கு மட்டும் டேபிளா போடலாமான்னு எதிக்ஸ் கமிட்டிகிட்ட எழுதிக் கேளுங்க. தப்பான பதில்ல எது அதிகம்னு அதுலயே தெரிஞ்சுடும், டீச்சருக்குத் தேவையானதும் அதுதான்.