சலூன்ல பிரஷர் குறைஞ்சது யாரால?

நடைவண்டி:
நேத்து ஒருத்தர் எழுதிட்டுப் போயிருக்கார், பழக்கத்தை மாத்திக்கறதுக்கு மன உறுதி போதுமாம், அமெரிக்காவுல உடல்நல உளவியல்ல, அதாவது மனசும் சூழலும் உடம்பை என்ன பண்ணுதுன்னு பாக்கற படிப்புல, இனத்தைக் கொண்டுவந்து படிக்கறதெல்லாம் அரசியலாம். படிச்சதுலேருந்து எரியுது. லாஸ் ஏஞ்சல்ஸ்ல 52 சலூன், அங்க வழக்கமா முடிவெட்ட வர்ற 319 கறுப்பின ஆண்கள், எல்லாருக்கும் பிரஷர் எகிறிக் கிடந்துச்சு. 2018ல ரிசல்ட் வந்துச்சு. சலூனுக்கே ஃபார்மசிஸ்ட் வந்து பாத்த குரூப்ல ஆறு மாசத்துல மேல் பிரஷர் சராசரியா 27 இறங்கிடுச்சு. ஆறு மாசத்துல எல்லாருக்கும் திடீர்னு மன உறுதி முளைச்சிடுச்சா?

எதிர்க்காற்று:
அந்த "ஒருத்தர்" நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். 27 இறங்கினது மாத்திரையால. ஃபார்மசிஸ்ட் மருந்து குடுத்தா யாருக்குத்தான் இறங்காது? இதுல இனம் எங்க வந்துச்சு?

நடைவண்டி:
அதே மாத்திரை டாக்டர்கிட்டயும்தான் இருக்கு சார். அங்க இறங்காம சலூன்ல ஏன் இறங்கிச்சுன்னுதானே கேக்கறேன்.

தூரிகை:
டஸ்கிகீ தெரியுமா? அலபாமாவுல 1932லேருந்து 1972 வரைக்கும் சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு வைத்தியம் பண்ணாம வேடிக்கை பாத்துச்சு அரசாங்கத்தோட பொது சுகாதாரத் துறை. அதைக் குணமாக்கற பென்சிலின் வந்த பிறகும் குடுக்கல. 1997ல கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். இதுக்கப்புறம் டாக்டர் சொன்னா உடனே நம்பிடுவாங்களா?

எதிர்க்காற்று:
வந்துட்டாங்கய்யா டஸ்கிகீயோட. நான் பேசறது 27 பத்தி. மாத்திரை.

குறுக்குச்சால்:
ஒரு நிமிஷம், இனம்னு நீங்க ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? ரத்தத்துல இருக்கறதையா, சமூகம் நடத்தற விதத்தையா? அதை முதல்ல பேசிட்டா பாதி சண்டை தீந்துடும்.

நடைவண்டி:
அப்புறம் பேசலாம் பாஸ். எதிர்க்காற்று, கன்ட்ரோல் குரூப்பை, அதாவது ஒப்பிட்டுப் பாக்க ஃபார்மசிஸ்ட் போகாம விட்ட குரூப்பைப் பாத்தீங்களா? அங்கயும் முடிவெட்டறவர் பேசினார், உப்பைக் குறைங்க டாக்டரைப் பாருங்கன்னு. இறங்கினது 9.

எதிர்க்காற்று:
ஹா ஹா, நீங்களே உங்க கோல்ல அடிச்சுட்டீங்க. நம்பிக்கையான ஆள் ரெண்டு பக்கமும் இருந்தார்ல? அப்ப பேச்சுக்கு 9, மாத்திரைக்கு 27. நன்றி வணக்கம்.

நடைவண்டி:
என்ன நன்றி வணக்கம்? "நீயா டாக்டர்கிட்ட போ"ன்னு அனுப்பினதுக்கு 9, அவங்க உக்காந்திருக்கற நாற்காலிக்கே வைத்தியம் வந்ததுக்கு 27. அந்த ஃபார்மசிஸ்டை ஏன் சலூனுக்கு அனுப்பினாங்க, பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பியிருக்கலாமே? கலிஃபோர்னியாவுல இருக்கற ஓக்லாண்டுலயும் இதே கதைதான், கறுப்பின ஆண்களைக் கறுப்பின டாக்டரே நேர்ல பாத்துப் பேசினப்ப சுகர், கொலஸ்ட்ரால் டெஸ்டுக்கு ஒத்துக்கிட்டவங்க அதிகம். மாத்திரையே இல்லாத இடம் அது. இதுக்கு என்ன சொல்லப் போறீங்க, ஊசின்னா?

தமிழ்ப்பித்தன்:
சலூன் சலூன்னு எத்தனை தடவை! முடிதிருத்தகம்னு எழுதினா விரல் தேஞ்சிடுமா?

தூரிகை:
நீங்க இன்னும் திருந்தலையா. போன மாசம் தூக்கம் பத்தின இழையையும் இப்படித்தான் கெடுத்தீங்க.

தமிழ்ப்பித்தன்:
அந்த இழையில என் பதிலைத் தூக்கினது யாருன்னு எனக்குத் தெரியும். வேணாம், வாயைக் கிளறாதீங்க.

எதிர்க்காற்று:
ஓக்லாண்ட் வேற, சலூன் வேற. 27க்குப் பதில் இல்லன்னதும் ஊர் மாறிட்டார் பாருங்க. ரெண்டு கட்டுரை படிச்சுட்டா உளவியல் நிபுணராயிடுவாங்க போல.

நடைவண்டி:
ரெண்டாவது படிச்சேன். நீங்க தலைப்போட நிறுத்திட்டீங்க. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு கணக்குப் போடற ஃபார்முலாவுலயே கறுப்பினத்தவருக்குத் தனி எண் வச்சிருந்தாங்க, 2021லதான் அதைத் தூக்கிட்டுப் புது ஃபார்முலா பரிந்துரைச்சாங்க, அதெல்லாம் அரசியல் இல்ல, சலூன்ல ஆள் உக்காந்தா மட்டும் அரசியலா? நாளெல்லாம் அவமானத்தைத் தாங்கறவன் உடம்புல என்ன ஆகுதுன்னு படிக்கறதுக்குத்தான்யா இந்தப் படிப்பே. நீங்க மன உறுதின்னு ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு ஊரையே அளக்கறீங்க.

குறுக்குச்சால்:
கிட்னி ஃபார்முலாவுல தப்பே இனத்தை உயிரியலா எடுத்துக்கிட்டதுதான், அதான் நான் அப்பவே கேட்ட...

எதிர்க்காற்று:
மாத்திரை.

நடைவண்டி:
நாற்காலி.

எதிர்க்காற்று:
மாத்திரை இல்லாம அந்த நாற்காலியில ஆறு மாசம் உக்காந்து பாருங்க, எவ்வளவு இறங்குதுன்னு.

நடைவண்டி:
மாத்திரையை வாங்க ஆளே வராத ஆஸ்பத்திரியில நீங்க ஆறு மாசம் உக்காந்து பாருங்க.

தமிழ்ப்பித்தன்:
அப்ப முடிதிருத்தகம்னு யாரும் எழுதப் போறதில்ல, அப்படித்தானே?