1 யோவான் 5:7: எங்கள் வீட்டில் இரண்டு பைபிள், ஒன்றில் இந்த வசனம் இல்லை. எடுத்தது யார்?

நெல்லைவாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பாளையங்கோட்டைப் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. அண்ணன் கட்டியிருப்பது தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். வீட்டில் ராத்திரி ஜெபத்தின்போது ஆளுக்கொரு வசனமாக வாசிப்பது வழக்கம். போன வாரம் 1 யோவான் 5ஆம் அதிகாரம், ஏழாம் வசனம் மதினி முறைக்கு வந்தது. மதினி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த திருவிவிலியத்தைப் பார்த்துத்தான் வாசிப்பார்கள். சான்று அளிப்பவை மூன்று என்று வாசித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா வரிக்கு வரி விரல் வைத்துக் கூடவே வருகிறவர். "பாதியை விட்டுட்டியேம்மா" என்றார். மதினி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்கள். அதில் அவ்வளவுதான் இருந்தது.

எங்கள் பழைய பைபிளில் இப்படி இருக்கிறது: "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." அடுத்த வசனத்தில்தான் பூலோகத்து சாட்சிகளான ஆவி, ஜலம், இரத்தம் வருகின்றன. மதினியின் புத்தகத்தில் பரலோகமும் இல்லை, பிதாவும் இல்லை, நேரே ஆவி, நீர், இரத்தம்தான்.

பெரியப்பா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ரோமாபுரிக்காரர்கள் வசனத்தைக் கிள்ளி எடுத்துவிட்டார்கள், வெளிப்படுத்தல் 22இல் இதற்கென்றே சாபம் போட்டிருக்கிறது. மதினி ஒன்றும் பேசவில்லை, புத்தகத்தை மூடிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்கள். எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. உண்மையில் யாராவது எடுத்தார்களா? இல்லை, நம்முடையதில் யாராவது சேர்த்தார்களா? எதை வைத்து இதைத் தீர்மானிக்கிறார்கள்? திரித்துவத்துக்கே இவ்வளவு நேரான வசனம் வேறு கிடையாது என்று ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் பண்ணியது, அதனால்தான் கேட்கிறேன்.

பழைய_செமினரி எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் மதினியிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள் பெரியப்பாவை. எடுக்கவில்லை, நம்முடையதில்தான் சேர்ந்திருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதை ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகக் காப்பாற்றி வைத்திருந்ததே ரோமாபுரிக்காரர்களின் லத்தீன் பைபிள்தான். நம் லூத்தர் அதைத் தன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்க்கவே இல்லை. அவர் உயிரோடிருந்தவரை வெளிவந்த பதிப்பு எதிலும் அது கிடையாது.

எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். 1 யோவான் இருக்கிற கிரேக்கக் கையெழுத்து ஏடுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. இந்த வாக்கியம் இருப்பது அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில்தான். அவையும் பிற்காலத்து ஏடுகள், சிலவற்றில் ஓரத்தில் வேறு கை எழுதிச் சேர்த்தது. 4ஆம் நூற்றாண்டு சீனாய் ஏடு, வத்திக்கான் ஏடு, 5ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரிய ஏடு எதிலும் இல்லை. சரி, ஏடு தொலைந்திருக்கலாம், கிழிந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் மனிதர்களைப் பாருங்கள். 325இல் நிசேயா சங்கம், அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கும் மேலே ஆரியஸ் கூட்டத்தோடு சண்டை, குமாரன் பிதாவுக்குச் சமமா இல்லையா என்று. அத்தநாசியு முதல் ஒவ்வொருவரும் வசனம் வசனமாகத் தேடி எடுத்து அடிக்கிறார்கள். "இம்மூவரும் ஒன்று" என்று ஒரு வசனம் கையில் இருந்தால் அதை வீசாமல் இருப்பார்களா? ஒரு கிரேக்கப் பிதாவும் வீசவில்லை. இல்லாததால்தான்.

எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி ஒன்று உண்டு. 380 வாக்கில் கான்ஸ்தாந்திநோபிளில் நசியான்சுவின் கிரகோரியார் பரிசுத்த ஆவியைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். இதே இடத்தைத் தொடுகிறார். கிரேக்கத்தில் ஆவி, நீர், இரத்தம் மூன்று சொல்லும் அலிப்பால், அதாவது ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. ஆனால் "சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்பது ஆண்பாலில் இருக்கிறது. இலக்கணம் இடிக்கிறதே, யோவானே இப்படி எழுதியிருக்கிறாரே என்று சுட்டிக்காட்டுகிறார். அவர் தாய்மொழி கிரேக்கம், பேசுகிற பொருள் திரித்துவம், கண் முன்னால் இருப்பது இதே வரி. ஆனாலும் பரலோகத்து மூவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் கையில் இருந்த ஏட்டில் அது இல்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்போது உங்கள் பழைய பைபிளை எடுத்து அந்த இரண்டு வசனத்தையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். பரலோகத்தில் "சாட்சியிடுகிறவர்கள் மூவர்", பூலோகத்தில் "சாட்சியிடுகிறவைகள் மூன்று". அச்சான கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், ஆண்பால் பன்மை. நம் மொழிபெயர்ப்பாளர் தமிழ்க் காதுக்கு இடிக்கக் கூடாதென்று ஒன்றை உயர்திணையாக்கி மற்றதை அஃறிணையாக்கிவிட்டார். கிரகோரியாரை உறுத்திய முள் தமிழில் வாசிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. நல்ல தமிழ்தான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் விளக்கவுரை எழுதுகிறவன் மூலத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்களைப் போட்டு அடித்தது இதற்காகத்தான்.

சுவடி எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லை, தமிழ் வாத்தியார். ஆனால் இது எங்களுக்கு அன்றாடம் நடக்கிற கதை. இதைப் பாடபேதம் என்போம், இடைச்செருகல் என்போம். சீவக சிந்தாமணியில் கந்தியார் பாடிச் சேர்த்த செய்யுள்கள் கலந்திருப்பதாக உரையாசிரியர் நச்சினார்க்கினியரே குறித்திருக்கிறார். உ.வே.சா. 1887இல் அதைப் பதிப்பித்தபோது ஊர் ஊராகச் சுவடி தேடி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அச்சுக்குக் கொடுத்தார். சேர்த்தவர் கெட்ட எண்ணத்தோடு சேர்த்தார் என்று அர்த்தமில்லை. படிக்கிறவர் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதுவார். அடுத்துப் படியெடுக்கிறவர் அது விட்டுப்போன வரியாக இருக்குமோ என்று பயந்து உள்ளே எழுதிவிடுவார். விடுவதைவிடச் சேர்ப்பதில்தான் அவருக்குப் பயம் குறைவு.

வசனமே_போதும் எழுதியது:

இதெல்லாம் ஒரு பக்கத்துக் கதை. பழைய ஏடு என்றால் நல்ல ஏடு என்று யார் சொன்னது? பிழையான ஏட்டை யாரும் புழங்காததால்தான் அது கிழியாமல் கிடைத்திருக்கலாம். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானுஸ் 3ஆம் நூற்றாண்டு ஆள், உங்கள் சீனாய் ஏட்டுக்கும் மூத்தவர். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியைப் பற்றி, இம்மூவரும் ஒன்று என்று எழுதியிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்கிறார். எழுதியிருக்கிறது என்றால் எங்கே? படித்தவர்கள் ஒவ்வொரு வசனமாக உருவிக்கொண்டே போனால் கடைசியில் அட்டைதான் மிஞ்சும். கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட எராஸ்மஸ்கூட ஒரு கிரேக்க ஏட்டில் காட்டினால் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார், காட்டினார்கள், போட்டார். முடிந்தது.

பழைய_செமினரி எழுதியது:

சிப்ரியானுஸ் கேள்வி நியாயமான கேள்வி, அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் சொன்னதைக் கவனியுங்கள், "குமாரன்" என்கிறார். நம் வசனத்தில் "வார்த்தை" என்றல்லவா இருக்கிறது? அவர் எட்டாம் வசனத்தை, அதாவது ஆவி, நீர், இரத்தம் மூன்றும் ஒன்று என்பதை, பிதா குமாரன் ஆவிக்கு அடையாளமாகப் பொருள் கொண்டு பேசியிருக்கலாம். இது நான் கட்டிவிட்டதில்லை. 6ஆம் நூற்றாண்டில் அதே வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஃபகுந்துஸ் என்ற ஆயர் சிப்ரியானுஸை இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார். அப்படிப் பார்த்தால் சுவடி ஐயா சொன்னது அப்படியே பொருந்துகிறது: முதலில் ஒரு வியாக்கியானம், அப்புறம் ஓரக் குறிப்பு, அப்புறம் வசனம். வாக்கியமாக முதலில் கிடைப்பது 4ஆம் நூற்றாண்டுக் கடைசியில், ஸ்பெயினில் பிரிஸ்கில்லியன் வட்டாரத்து லத்தீன் நூல் ஒன்றில்.

இன்னொரு வேடிக்கை. 546ஐச் சேர்ந்த ஃபுல்தா ஏடு என்று ஒரு லத்தீன் ஏடு. அதில் இந்த நிருபங்களுக்கு, லத்தீன் பைபிளை மொழிபெயர்த்த ஜெரோம் பெயரில் ஒரு முன்னுரை இருக்கிறது (ஜெரோம் எழுதியதில்லை). விசுவாசமில்லாத மொழிபெயர்ப்பாளர்கள் திரித்துவ சாட்சியை விட்டுவிட்டார்கள் என்று அதில் ஒரே புலம்பல். பக்கத்தைத் திருப்பி வசனத்துக்குப் போனால், அதே ஏட்டில் அந்த வாக்கியம் இல்லை!

எராஸ்மஸ் வாக்குக் கொடுத்த கதை நானும் வகுப்பில் கேட்டதுதான், பரீட்சையிலும் எழுதினேன். ஆனால் ஹெங்க் யான் டி யோங்கே என்ற டச்சு அறிஞர் 1980இல் அவருடைய எழுத்துகளைத் துருவிப் பார்த்து, அப்படியொரு வாக்குக்கு ஆதாரமில்லை என்று காட்டினார். எராஸ்மஸின் 1516, 1519 பதிப்புகளில் வாக்கியம் இல்லை. ஒரு ஏட்டிலாவது கண்டிருந்தால் சேர்த்திருப்பேனே என்று எராஸ்மஸ் தன் தரப்பை நியாயப்படுத்தினார், அவ்வளவுதான். பிறகு இங்கிலாந்திலிருந்து ஒரு ஏடு காட்டப்பட்டது, இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருப்பது. அது அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டது என்பதுதான் பொதுவான கருத்து. 1522இல் வாக்கியத்தைச் சேர்த்தார், சந்தேகத்தையும் குறிப்பில் எழுதிவைத்தார். பெயர் கெட்டுப் புத்தகம் விலைபோகாமல் போய்விடுமோ என்ற பயம்.

மணப்பாட்டு_ஆள் எழுதியது:

எங்கள் கத்தோலிக்கப் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்களும் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. இந்த வாக்கியம் மூலத்தைச் சேர்ந்ததில்லை என்று தைரியமாகச் சொல்லக் கூடாது என 1897இல் ரோமில் ஆணையே போட்டார்கள். 1927இல்தான் அறிஞர்கள் ஆராய்ந்து மறுக்கலாம் என்று தளர்த்தினார்கள். 1979இல் வந்த புதிய வுல்காத்தாவில், அதாவது எங்கள் சபையின் லத்தீன் பைபிளில், அது இல்லை. ஆக, உங்கள் பெரியப்பா எங்களைத் திட்ட வேண்டுமென்றால் இவ்வளவு காலம் விடாப்பிடியாக வைத்திருந்ததற்குத்தான் திட்ட வேண்டும்.

மதினி கையில் இருப்பது 1995 பொது மொழிபெயர்ப்பாக இருக்கும். அது கத்தோலிக்கர் மட்டும் செய்ததில்லை, புராட்டஸ்டண்டு சபையாரும் சேர்ந்து செய்தது. இதையும் பெரியப்பா காதில் போடுங்கள்.

பழைய_செமினரி எழுதியது:

வெளிப்படுத்தல் 22 சாபத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த வசனத்தில் எடுத்துப்போடுகிறவனுக்கு முன்னால் கூட்டுகிறவனுக்குத்தான் சாபம் இருக்கிறது, பெரியப்பாவை 18ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். அதைவிட, 19இல் நம் பழைய பைபிள் "ஜீவபுஸ்தகத்திலிருந்தும்" என்கிறது. கிரேக்க ஏடுகளில் இருப்பது ஜீவ விருட்சம், மரம். எராஸ்மஸிடம் இருந்த ஒரே வெளிப்படுத்தல் ஏட்டில் கடைசித் தாள் இல்லை, அவர் லத்தீனிலிருந்து கிரேக்கத்துக்குத் திருப்பி எழுதினார். லத்தீனில் மரத்துக்கு லிக்னோ, புத்தகத்துக்கு லிப்ரோ. அவர் பார்த்த லத்தீனில் லிப்ரோ. ஒரு சொல்லும் மாற்றாதே என்கிற வசனத்திலேயே சொல் மாறிப்போய் அச்சாகி, தரங்கம்பாடி, சென்னை எல்லாம் தாண்டி உங்கள் வீட்டு மேசைக்கு வந்திருக்கிறது.

உங்கள் பழைய பைபிள், அதாவது பவர் ஐயர் குழுவின் திருப்புதல், முடிந்தது 1871இல். ஆங்கிலத்தில் இந்த வாக்கியத்தை எடுத்துவிட்டுத் திருத்திய புதிய ஏற்பாடு வந்தது 1881இல். அந்தத் திருப்புதல் பத்து வருஷம் தள்ளிப் பிறந்திருந்தால் ஓய்வுநாள் பள்ளியில் நீங்கள் வேறு வசனம் மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள்.

வசனமே_போதும் எழுதியது:

ஃபுல்தா ஏட்டு விஷயம் எனக்குப் புதிது. சிப்ரியானுஸில் எனக்கு இன்னும் சமாதானமில்லை, "எழுதியிருக்கிறது" என்பதை அவ்வளவு லேசாக விட முடியவில்லை. சரி, திரித்துவத்துக்கு என்ன பதில்? தம்பி அதைத்தான் கேட்டார், யாரும் தொடவில்லை.

பழைய_செமினரி எழுதியது:

நிசேயாவும் 381 கான்ஸ்தாந்திநோபிளும் இந்த வாக்கியம் கையில் இல்லாமல்தான் விசுவாசப் பிரமாணத்தை எழுதின. மத்தேயு 28:19, 2 கொரிந்தியர் கடைசி வசனம், யோவான் முதல் அதிகாரம் போன்ற இடங்களிலிருந்து வாதாடினார்கள். கடன்வாங்கிய தூண் இல்லாமலே நின்ற வீடு.

நெல்லைவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, பழைய_செமினரி அண்ணாச்சிக்கு விசேஷமாக. நேற்று ராத்திரி பெரியப்பாவிடம் லூத்தர் கதையை மட்டும் சொன்னேன். "லூத்தரா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், வெகுநேரம்.

சுவடி ஐயா ஓரக் குறிப்பு என்றதும் ஆச்சியின் பழைய பைபிளைப் பரணிலிருந்து இறக்கினேன். எட்டாம் வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலில், ஆச்சியின் கோணல் எழுத்தில், "ஜலம் ஞானஸ்நானம், இரத்தம் சிலுவை" என்று இருக்கிறது. அச்சு இல்லாத காலமாக இருந்து நான் அதைப் படியெடுத்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் எழுதியிருப்பேன்.

மதினியிடம் காட்டினேன். இந்த சனிக்கிழமை அதே அதிகாரம் மறுபடி, மூன்று பைபிளையும் வைத்துக்கொண்டு. ஏழாம் வசனம் யார் வாசிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.