புதுப்பிப்பு: தம்பிக்குக் காலையில் கால் அசையாமல் போனதற்குக் காரணம் தெரிந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. பெங்களூரில் இருக்கும் என் தம்பி ஷட்டில் ஆடிவிட்டு வந்து படுத்தால், மறுநாள் காலை கால் அசையாது, மதியத்துக்குள் சரியாகிவிடும் என்று கேட்டிருந்தேன். முதலில் பார்த்த டாக்டர் 'டென்ஷன்' என்று அனுப்பிவிட்டார். 'ஈசிஜி எடுங்க, மரபணுச் சோதனையும் கேளுங்க' என்று இங்கே ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது.

ஈசிஜியில் நிறைய கூடுதல் துடிப்புகள். அப்புறம் கேசிஎன்ஜே2 மரபணுவில் மாற்றம், ஆண்டர்சன்-டாவில் நோயாம். தசையும் இதயமும் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பொட்டாசியம் வாய்க்கால் (செல்லின் சவ்வில் பொட்டாசியம் போய்வரும் வழி) இந்த மரபணுவால் உருவாவது. அதனால்தான் இரண்டிலும் கோளாறு.

எதிர்பாராதது: அம்மாவுக்கும் அதே மாற்றம். ஒருநாள்கூடக் கால் அசையாமல் போனதில்லை, சுண்டுவிரல் மட்டும் உள்பக்கமாக வளைந்திருக்கும். குடும்ப ஜாடை என்றே நினைத்திருந்தோம், அதுவும் இந்த நோயின் அடையாளமாம். இப்போது அவருக்கும் ஹோல்டர் (இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் சிறு கருவி) மாட்டியிருக்கிறார்கள்.